போட்டுக்கு இறக்கம் கிடையாது: ஸ்டாக் எஞ்சின்ல சூப்பர்சார்ஜர் மாட்டப் போற தம்பிகளுக்கு

நான் இருக்குறது கப்பலூர். பேருலயே கப்பல் இருக்கு, ஆனா கடலு பாக்கணும்னா தூத்துக்குடிக்கோ தொண்டிக்கோ வண்டி கட்டித்தான் போகணும். ஷார்ஜால ஒரு போட்டு யார்டுல பதினொரு வருஷம் எஞ்சின் வேல பாத்துட்டு வந்து இங்க பட்டறை போட்டேன். அங்கிட்டு ராமநாதபுரம் பக்கம் இருந்தும் தூத்துக்குடில இருந்தும் எஞ்சின லாரில ஏத்தி அனுப்புறாக, நாங்க இங்க பிரிச்சு வேலை முடிச்சு அனுப்புறோம், மதுரைல லேத் வேலைக்கு ஆள் பஞ்சம் கிடையாது, அதனால ஓடுது. கொஞ்ச நாளா சின்னப் பயலுக நெறய பேரு "அண்ணே சூப்பர்சார்ஜர் மாட்டணும், எங்கிட்டு ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குறாய்ங்க. ஒவ்வொருத்தனுக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல யாருக்கு இது இல்லைங்குறத சொல்லிடுறேன். மீன்பிடி விசைப்படகுல இருக்குற டீசல் எஞ்சினுக்கு இது இல்ல, டீசலுக்கு டர்போதான் சரி, அதுவும் கம்பெனியிலயே வரும், போக மீன்பிடி படகுக்கு எம்புட்டு குதிரைசக்தி போடலாம்னு தமிழ்நாட்டுல வரம்பு இருக்கு, அதுல கைய வைக்காதீங்க. பின்னாடி தொங்குற அவுட்போர்டுக்கும் வேணாம். அவுட்போர்டுலயும் சூப்பர்சார்ஜர் வந்துருக்கு, மெர்குரி கம்பெனியோட வெராடோ 2004-லயே 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர்ல அப்பிடித்தான் வந்துச்சு, ஆனா அது டிசைன்லயே அதுக்குன்னு செஞ்சது, நாம வீட்டுல ஒட்டவச்சது இல்ல. இன்னொரு விஷயம், அதே மெர்குரிக்காரங்க 2018-ல 4.6 லிட்டர் வி8 கொண்டாந்தப்ப 250, 300 குதிரைசக்தியெல்லாம் சூப்பர்சார்ஜர் இல்லாமலே எடுத்தாங்க. பெரிய எஞ்சின் போட எடம் இருந்தா பெரிய எஞ்சின்தான் நல்லதுங்குறத மனசுல வச்சுக்கங்க.

நான் சொல்லப் போறது போட்டுக்குள்ள உக்காந்திருக்குற பெட்ரோல் எஞ்சினுக்கு, குறிப்பா நெறய ஸ்பீட் போட்டுல வர்ற அமெரிக்க கார் கம்பெனி ஜிஎம்மோட 5.7 லிட்டர் வி8, கன அங்குலக் கணக்குல 350னு சொல்வாய்ங்க. மெர்குரியோட உள்எஞ்சின் பிராண்டு மெர்க்ரூசர்ல இது 350 மேக்னு இன்ஜெக்ஷனோட 300 குதிரைசக்தில வந்துச்சு, உதாரணத்துக்கு அதையே எடுத்துக்குறேன்.

இப்ப ஆதாரமான விஷயம். கார் எஞ்சினுக்கும் போட்டு எஞ்சினுக்கும் இரும்பு ஒன்னுதான், பொழப்பு வேற. கார்ல மதுரைல இருந்து கொடைக்கானல் போறப்ப மேடு ஏறுறீங்க, எஞ்சின் திணறுது, அப்பறம் ஒரு வளைவுல கால எடுக்குறீங்க, இறக்கம் வருது, எஞ்சின் மூச்சு வாங்கிக்குது. போட்டுக்கு இறக்கமே கிடையாது. தண்ணியில இறக்குன நிமிஷத்துல இருந்து கரை ஒதுங்குற வரைக்கும் மேடு ஏறிக்கிட்டேதான் இருக்கு. கார்ல பத்து செகண்டு முழு பூஸ்ட் (எஞ்சினுக்குள்ள அமுக்கித் தள்ளுற காத்தோட கூடுதல் அழுத்தம்) அடிச்சா பெரிசு, போட்டுல அர மணி நேரம் சேந்தாப்ல அடிப்பாய்ங்க. அதனால கார்ல தாங்குன அளவு போட்டுல தாங்கும்னு கணக்கு போடாதீங்க. கீழ நான் சொல்ற அம்புட்டு வேலையும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

சூப்பர்சார்ஜர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கிராங்க்ல இருந்து பெல்ட் போட்டு சுத்தவச்சு காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற பம்பு. காத்து கூட போனா பெட்ரோல் கூட எரிக்கலாம், சக்தி கூடும். டர்போவும் இதே வேலைதான், ஆனா அது புகைல சுத்துது, சிவக்க சிவக்க காயும். மூடுன எஞ்சின் அறையில பெட்ரோல் ஆவிக்கு பக்கத்துல அப்பிடி ஒரு இரும்ப வைக்க முடியாது, அதச் சுத்தி தண்ணி ஜாக்கெட் போடணும், வேல இழுக்கும். அதனாலதான் பெட்ரோல் போட்டுல பெல்ட் சமாச்சாரத்துக்கு மவுசு.

மூணு வகை இருக்கு. ரூட்ஸ் வகை பழசு, அமெரிக்காவுல ரூட்ஸ்ங்குற அண்ணன் தம்பி 1860-ல பேட்டன்ட் வாங்குனது, காத்த அப்பிடியே அள்ளி அள்ளி போடும், அடி ஆர்பிஎம்லயே பூஸ்ட் வரும், ஆனா காத்து ரொம்ப சூடாகும். டெட்ராய்ட் டீசலோட ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்ல இந்த ப்ளோயர்தான் (சூப்பர்சார்ஜரத்தான் அப்பிடியும் சொல்றோம்) இருந்துச்சு, 6-71ன்னா ஆறு சிலிண்டர், ஒவ்வொன்னும் 71 கன அங்குலம், அதக் கழட்டித்தான் அந்தக் காலத்துல ரேஸ் போட்டுகள்ல மாட்டுனாய்ங்க. ரெண்டாவது ட்வின் ஸ்க்ரூ, இதுவும் அடியிலயே பூஸ்ட் தரும், சூடு கம்மி, விலை கூட. மூணாவது சென்ட்ரிஃபியூகல், பாக்க டர்போவோட நத்தைக் கூடு மாதிரியே இருக்கும், எஞ்சின் முன்னாடி பக்கவாட்டுல பிராக்கெட் போட்டு மாட்டுறது, ஆர்பிஎம் ஏற ஏறத்தான் பூஸ்ட் ஏறும்.

புதுசா செய்யிற ஆளுக்கு நான் சென்ட்ரிஃபியூகல்தான் சொல்வேன், அதுலயும் தனக்குள்ளயே எண்ணெய் வச்சுருக்குற வகை. ஏன்னா ப்ரொப்பெல்லர் கேக்குற சக்தி ஆர்பிஎம்மோட மும்மடியில ஏறுது, அதாவது பாதி வேகத்துல எட்டுல ஒரு பங்குதான் கேக்கும், மேல போகப் போகத்தான் அள்ளிக் கேக்கும், சென்ட்ரிஃபியூகலும் அதே மாதிரி மேல போறப்பதான் குடுக்குது, ரெண்டுக்கும் பொருத்தம். ரெண்டாவது, எஞ்சினுக்குள்ள காத்த கொண்டு போற மேனிஃபோல்ட கழட்ட வேண்டியதில்ல, எண்ணெய் திரும்பி வர்றதுக்கு அடியில உள்ள ஆயில் தொட்டி சம்புல ஓட்டை போட வேண்டியதில்ல, ஒசரமும் கூடாது. ரூட்ஸ் மாட்டுனா எஞ்சின் ஒசந்துரும், எஞ்சின் அறையோட மூடி, ஹேட்ச், மூடாது. எது மாட்டுனாலும் இத செய்ங்க: எஞ்சின் மேல நாலஞ்சு எடத்துல களிமண் உருண்டைய வச்சு ஹேட்ச பைய மூடி தொறங்க, நசுங்கி நிக்குற ஒசரம்தான் உங்க கையில இருக்குற இடைவெளி. டேப் வச்சு அளந்து ஏமாந்தவன் நெறய பேரு.

தண்ணியில குதிச்சு எந்திரிச்சு சட்டுனு ப்ளேனிங்குக்கு (போட்டு தண்ணி மேல எந்திரிச்சு சறுக்கி ஓடுறது) வரணும், தண்ணி சறுக்கு இழுக்கணும்ங்குறவங்களுக்கு மட்டும் ட்வின் ஸ்க்ரூ.

எம்புட்டு பூஸ்ட்? 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). ஸ்டாக் எஞ்சின்ல, அதாவது உள்ள எதையும் மாத்தாம கம்பெனியில வந்தபடியே இருக்குற எஞ்சின்ல, அதுக்கு மேல கேக்காதீங்க. கணக்க பாருங்க, கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதுல 5 கூடுனா 34 சதவீதம் காத்து கூட போகுது, ஆனா ப்ளோயர சுத்தவைக்கவே எஞ்சின்ல இருந்து கொஞ்சம் போகுது, சூட்டுல கொஞ்சம் போகுது, 300 குதிரைசக்தி எஞ்சின் 375 பக்கம் வந்தா நல்ல வேலைன்னு அர்த்தம். வேகம் 25 சதவீதம் கூடிராது, சக்தியோட வர்க்கமூலத்துலதான் வேகம் ஏறும், 40 நாட் (கடல்ல வேகத்த அளக்குற கணக்கு) ஓடுன போட்டு 44, 45 ஓடும். பெட்ரோலு முன்ன முழு த்ராட்டில்ல மணிக்கு 90 லிட்டர் பக்கம் குடிச்சது இனி 135 லிட்டருக்கு மேல குடிக்கும். இத கஸ்டமர்ட்ட அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. நாலு நாட் வேகத்துக்கா இம்புட்டு செலவுன்னு எந்திரிச்சு போறவரு போகட்டும், வேல முடிஞ்சப்பறம் கேக்குறதுக்கு இது தேவல.

இனி வேலைக்கு வருவோம். ப்ளோயர் வாங்குறது கடைசி. முதல்ல எஞ்சின் தாங்குமான்னு பாக்கணும்.

கம்ப்ரஷன் டெஸ்ட், சூடான எஞ்சின்ல, எல்லா ப்ளக்கும் கழட்டி, த்ராட்டில முழுசா தொறந்து வச்சு. எட்டு சிலிண்டரும் ஒன்னுக்கொன்னு 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஒன்னு குறைஞ்சா லீக்டவுன் (சிலிண்டருக்குள்ள காத்தடிச்சு எங்க கசியுதுன்னு பாக்குறது) பாத்து வால்வா ரிங்கான்னு கண்டுபிடிங்க. சந்தேகம் இருந்தா நிப்பாட்டுங்க, நோஞ்சான் மேல மூட்டைய ஏத்தாதீங்க. அப்பறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அதுக்கு மேல புகையோட தண்ணி கலக்குற குழாயான ரைசரும். நேரா கடல்தண்ணியில குளிர்ற எஞ்சின்ல இது உள்ளுக்குள்ள அரிச்சு அஞ்சாறு வருஷத்துல தண்ணிய சிலிண்டருக்கு விட்டுரும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், கழட்டிப் பாத்தாதான் தெரியும். சோம்பேறித்தனப்படாம கழட்டிப் பாருங்க. தண்ணி பம்போட இம்பெல்லர் புதுசு. தெர்மோஸ்டாட் கம்பெனி அளவுலயே இருக்கட்டும், கடல்தண்ணி நேரா ஓடுற எஞ்சின்ல சூட்டக் கூட்டுனா உப்பு உள்ள படிஞ்சுரும்.

ட்ரைவ், அதாவது எஞ்சின் சக்திய ப்ரொப்பெல்லருக்கு கொண்டு போற கியர் அமைப்பு, எதுன்னு பாருங்க. மெர்க்ரூசர்ல ரெண்டு வகை, "ஆல்ஃபா ஒன்"னும் "ப்ராவோ"வும். "ஆல்ஃபா ஒன்" இருந்தா அது 300 குதிரைசக்தியோட நிக்கிற சாமான், 375-ஐ குடுத்தா மேல உள்ள கியர் பல்லு போயிரும். ப்ராவோ இருந்தாதான் மேற்கொண்டு பேசணும். இந்த ஒரு விஷயத்துலயே பாதி பேரோட ஆசை முடிஞ்சுரும், முடியட்டும், நடுக்கடல்ல கியர் ஒடைஞ்சு நிக்கிறத விட இது நல்லது. போட்டோட பின்பலகையில கம்பெனி தகட்டுல எம்புட்டு குதிரைசக்தி வரைக்கும்னு போட்டுருந்தா அதயும் பாருங்க. உள்நாட்டுத் தண்ணியில ஓடுற போட்டுன்னா 2021 உள்நாட்டுக் கப்பல் சட்டத்துல சர்வே, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் இருக்கு, எஞ்சின மாத்துனா சொல்லணும், இன்சூரன்ஸ்காரங்கட்டயும் சொல்லணும், சொல்லாம விட்டு ஏதாச்சும் ஆனா ஒத்தப் பைசா வராது.

இதெல்லாம் தேறுச்சுன்னா ப்ளோயர் கிட்டுக்கு ஆர்டர் போடுங்க, மரைன்னு சொல்லி வாங்குங்க. கார் கிட்டு பாதி விலைக்கு கெடைக்கும், ஆனா அதுல வர்ற ஏர் ஃபில்டர் போட்டுக்கு ஆகாது, போட்டுல ஃபில்டர் எடத்துல ஃப்ளேம் அரெஸ்டர் இருக்கணும். எஞ்சின் பின்னால வெடிச்சா நெருப்பு வெளிய வராம தடுக்குற வலை அது. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாது, போட்டோட அடிவயித்துல பில்ஜ்ல போயி தங்கும், ஒரு பொறி போதும். அதே காரணத்துக்காகத்தான் போட்டுல ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்பு எல்லாம் பொறி வெளிய வராத மரைன் சாமானா இருக்கணும், பாக்க கார் சாமானும் அதுவும் ஒன்னாத்தான் இருக்கும், ஸ்க்ரூ கூட ஒன்னாவே பொருந்தும், மாட்டாதீங்க. பெட்ரோல் ஹோஸும் மரைன் ஹோஸ்தான். எஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பில்ஜ் ஃபேன நாலஞ்சு நிமிஷம் ஓட்டணும், அந்த ஃபேனையும் போட்டுக்காரங்க ப்ளோயர்னுதான் சொல்வாங்க, சூப்பர்சார்ஜரையும் ப்ளோயர்ங்குறோம், புதுசா வர்ற பயலுக ரெண்டையும் போட்டு கொழப்பிக்குறாய்ங்க, அதனால நான் எங்க பட்டறைல ஃபேன்னே சொல்லச் சொல்றேன்.

மாட்டுற வேலைல முக்கியம் புல்லி நேர்கோடு. கிராங்க் புல்லி, ப்ளோயர் புல்லி, டென்ஷனர் மூணுக்கும் நேரா ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ வச்சுப் பாருங்க, ஒரு மில்லி தள்ளி இருந்தாலும் பெல்ட் ஓரம் தேஞ்சு பொடியா கொட்டும். சரியா வரலன்னா வாஷர் அடுக்கி சமாளிக்காதீங்க, லேத்துல குடுத்து ஸ்பேசர் கடைஞ்சு வாங்குங்க, கப்பலூர் சிட்கோவுலயும் புதூர் சிட்கோவுலயும் அரை நாள்ல கடைஞ்சு குடுக்குறாங்க. கிராங்க் புல்லிய ஒத்தச் சாவி மட்டும் புடிச்சுக்கிட்டு இருக்கும், ப்ளோயர் இழுக்குற இழுப்புல அது வெட்டுப்படும், அதனால ரெண்டு பின் போட்டு புடிக்கணும், கிட்டுலயே ட்ரில் கைடு வந்தா நல்லது. ப்ளோயரோட வேகத்தயும் ஒரு தடவ கணக்கு போட்டுக்கங்க: எஞ்சின் ஆர்பிஎம்ம கிராங்க் புல்லி விட்டத்தால பெருக்கி, ப்ளோயர் புல்லி விட்டத்தால வகுத்து, உள்ள இருக்குற கியர் விகிதத்தால பெருக்கணும். 5000 ஆர்பிஎம், 7 இஞ்சு கிராங்க் புல்லி, மூன்ற இஞ்சு ப்ளோயர் புல்லி, உள்விகிதம் 4.1 அப்பிடின்னா 41,000 சுத்து. ப்ளோயர் புல்லிய சின்னதாக்குனா பூஸ்ட் கூடும். அந்த ஆசை கண்டிப்பா வரும், கஸ்டமருக்கும் வரும், சின்னப் புல்லிய கண்ணுலயே காட்டாதீங்க.

ஒரு சின்ன பைப் விஷயம், ஆனா நெறய பேரு விட்டுருவாய்ங்க. எஞ்சின் உள்புகைய இழுக்குற பிசிவி லைன் மேனிஃபோல்டுக்குப் போகும், பூஸ்ட் வந்தா அதே வழியா காத்து திரும்பி கிராங்க் கேஸுக்குள்ள பூந்து சீல் எல்லாத்தையும் பிதுக்கிரும். அங்க ஒரு செக் வால்வு போடுங்க. "புது எஞ்சினு, ஏன் பின்சீல்ல ஆயில் ஒழுகுது"ன்னு வந்த ரெண்டு கேஸு இதேதான்.

அடுத்து சூடு. காத்த அமுக்குனா காயும், சைக்கிள் பம்ப தொட்டுப் பாத்தவனுக்கு தெரியும். 35 டிகிரி காத்த 5 பிஎஸ்ஐக்கு அமுக்குனா சராசரி ப்ளோயர்ல வெளிய வர்றப்ப 80 டிகிரி பக்கம் இருக்கும். அதுவும் மூடுன எஞ்சின் அறைக் காத்து 35-ல இருக்காது, 50-க்கு மேல போயிரும். அதனால ரெண்டு வேலை: காத்த வெளிய இருந்து டக்ட் போட்டு எடுங்க, அமுக்குன காத்த குளிர வைக்கிற இண்டர்கூலர் போடுங்க. 5 பிஎஸ்ஐக்கு இண்டர்கூலர் தேவையில்லன்னு குளிர் நாட்டுக்காரங்க சொல்வாங்க, அவங்க ஏரி தண்ணியும் காத்தும் வேற. நம்ம கடல் 28, 30 டிகிரி, வெயிலு அக்னி நட்சத்திரத்துல 40. கார்க்காரனுக்கு இல்லாத வரம் ஒன்னு நமக்கு இருக்கு, போட்டச் சுத்தி அம்புட்டும் தண்ணி, அத இண்டர்கூலர் வழியா ஓட்டுங்க, காத்து 50 டிகிரிக்குள்ள வந்துரும். கோர் அலுமினியமா இருக்கக்கூடாது, உப்புத்தண்ணிக்கு க்யூப்ரோ நிக்கல்தான், கூட ஒரு ஜின்க் கட்டையும் வச்சு அது கரைஞ்சதும் மாத்தணும். தண்ணிய எஞ்சின் பம்புல இருந்து திருடாதீங்க, இண்டர்கூலருக்கு தனி பிக்கப், தனி ஸ்ட்ரெய்னர், எஞ்சின் குளிர்ற தண்ணி கொறைஞ்சா ரெண்டும் போச்சு.

இப்ப பெட்ரோல். எஞ்சின் பூஸ்ட்டுல சாகுறது அழுத்தத்தால இல்ல, பெட்ரோல் பத்தாமத்தான். ஷார்ஜால நான் கண்ணால பாத்தது. இதே 350, 5 பிஎஸ்ஐ, நல்ல கிட்டு, நல்ல ட்யூனிங், மூணு மாசம் அருமையா ஓடுச்சு. ஒரு வெள்ளிக்கிழம முழு த்ராட்டில்ல போறப்ப பொகை கக்கி நின்னுருச்சு. கட்டி இழுத்துட்டு வந்து நான்தான் பிரிச்சேன். ஏழாம் நம்பர் பிஸ்டன்ல ரிங் உக்காருற ரெண்டு காடிக்கு நடுவுல உள்ள வரம்பு துண்டா ஒடைஞ்சு கெடந்துச்சு. இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-8-4-3-6-5-7-2, அஞ்சும் ஏழும் பக்கத்து பக்கத்து சிலிண்டர், ஒன்னு பின்னாடி ஒன்னு வெடிக்கும், அதனால ஏழு எப்பவும் சூட்டோடதான் இருக்கும், முதல் அடி அதுக்குத்தான். காரணத்த தேடுனா, தண்ணி பிரிக்கிற பெட்ரோல் ஃபில்டர் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சாதாரணமா போறப்ப போதுமான பெட்ரோல் வந்துருக்கு, முழு பூஸ்ட்டுல பத்தல, கலவை வறண்டுபோயி நாக்கிங் (கலவை கட்டுப்பாடு இல்லாம தானா வெடிக்கிறது) வந்துருக்கு, எஞ்சின் சத்தத்துலயும் காத்து சத்தத்துலயும் யாருக்கும் கேக்கல. மாத்திருந்தா சாப்பாட்டுக் காசுதான் அந்த ஃபில்டரு. சர்வீஸுல மாத்திட்டேன்னு சீட்டுல டிக் அடிச்சிருந்துச்சு. அன்னைல இருந்து டிக்க நம்புறதில்ல, கழட்டி கண்ணால பாப்பேன், நீங்களும் பாருங்க, பெட்ரோல் ப்ரஷர் கேஜ ஓட்டுறவரு கண்ணு படுற எடத்துல வைங்க.

இன்ஜெக்டர் கணக்கு: 375 குதிரைசக்திக்கு குதிரைசக்தி ஒன்னுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், ஆக 225 பவுண்டு. எட்டால வகுத்தா 28. இன்ஜெக்டர 80 சதவீதத்துக்கு மேல தொறந்து வச்சு ஓட்டக்கூடாது, அதனால 28-ஐ 0.8-ஆல வகுத்தா 35 பவுண்டு. நம்ம ஊரு பெட்ரோல்ல இப்ப எத்தனால் 20 சதவீதம், அதுக்கு கலவையில பெட்ரோல் இன்னும் ஏழெட்டு சதவீதம் கூட வேணும், ஆக 38, கடையில 42 பவுண்டு இன்ஜெக்டர் கெடச்சா அதையே போடுங்க. பெட்ரோல் ப்ரஷர் ரெகுலேட்டர்ல இருந்து ஒரு சின்ன ஹோஸ் மேனிஃபோல்டுக்கு போகணும், அப்பத்தான் பூஸ்ட் ஏறுற அளவுக்கு பெட்ரோல் ப்ரஷரும் ஏறும். அது இல்லன்னா 43 பிஎஸ்ஐ ப்ரஷருக்கு எதிரா 5 பிஎஸ்ஐ காத்து தள்ளும், இன்ஜெக்டர் பாக்குறது 38தான், பெட்ரோல் அதிகமா வேணும்ங்குற நேரத்துல கொறைஞ்சுரும்.

எத்தனால் தண்ணிய இழுக்கும். போட்டு டேங்குக்கு எப்பவும் மூச்சுக்குழா தொறந்துதான் இருக்கும், கடல் காத்துல ஈரம் உள்ள போயி ஒரு அளவுக்கு மேல சேந்தா எத்தனாலும் தண்ணியும் சேந்து அடியில தங்கிரும், பெட்ரோல் மேல நிக்கும், பம்பு அடியில இருந்துதான் உறிஞ்சும். அதனால மாசக்கணக்கா நின்ன பெட்ரோல பூஸ்ட் எஞ்சினுக்கு குடுக்காதீங்க. 10 மைக்ரான் தண்ணி பிரிக்கிற ஃபில்டர், அதுவும் கண்ணாடிக் கிண்ணம் இல்லாத மரைன் வகை. ஆக்டேன் கூட உள்ள பெட்ரோல் கெடச்சா போடுங்க, இண்டியன் ஆயில் எக்ஸ்பி100 மாதிரி, ஆனா எல்லா ஊரு பங்க்லயும் கெடைக்காது, அதனால ட்யூனிங்க அந்த பெட்ரோலுக்கு செய்யாதீங்க. கஸ்டமரு தொண்டில எந்த பங்க்ல அடிப்பாரோ அந்த பெட்ரோல கேன்ல கொண்டாரச் சொல்லி அதுல ட்யூன் பண்ணுங்க.

ட்யூனிங் புதுசா செய்யிற ஆள் ஒத்தையா செய்யிற வேலையில்ல, தெரிஞ்சவர பக்கத்துல வச்சுக்கங்க. என்ன கேக்கணும்னு மட்டும் சொல்றேன். எஞ்சின்ல மேனிஃபோல்டு அழுத்தத்த அளக்குற மேப் சென்சார் 1 பார், அதுக்கு பூஸ்ட்னா என்னன்னே தெரியாது, 2 பார் சென்சார் மாத்தி எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூல அதுக்குத் தகுந்த ட்யூனிங் அட்டவணைய ஏத்தணும். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐக்கு இக்னிஷன் டைமிங் ஒரு டிகிரி பின்னாடி இழுக்கணும், அது ஆரம்பக் கணக்கு, அங்கிருந்து பாத்துப் பாத்து போகணும். ப்ளக் ஒரு படி குளுமையானது, இடைவெளி 0.8 மில்லி பக்கம். முழு பூஸ்ட்டுல லாம்ப்டா (காத்து-பெட்ரோல் கலவைய அளக்குற எண்ணு, 1-க்கு கீழன்னா பெட்ரோல் கூட) 0.80, ஈரமான கலவைதான், ஈரமான கலவை பிஸ்டன உள்ள இருந்து குளிர வைக்கும். லாம்ப்டாவுலயே பேசுங்க, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்குற பழைய எண்ணு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பொருந்தாது.

அந்த லாம்ப்டா சென்சார வைக்கிறதுதான் போட்டுல தலைவலி. எக்ஸாஸ்ட்ல தண்ணி கலந்து போகுது, ஒரு சொட்டு பட்டா சென்சார் செத்துரும். ரைசர்ல தண்ணி கலக்குறதுக்கு முன்னாடி காஞ்ச பகுதியில, தண்ணி ஜாக்கெட்ட தாண்டி குழா வெல்டு வச்சு, சென்சாரோட வயர் பக்கம் மேலயும் முனை கீழயும் இருக்குற மாதிரி சாச்சு மாட்டணும், அப்பத்தான் வேர்க்கிற தண்ணி வடியும். ட்யூனிங் முடிஞ்சதும் கழட்டி ப்ளக் போட்டு அடைச்சுருங்க, நிரந்தரமா வச்சா அடிக்கடி வாங்கிக்கிட்டே இருக்கணும். கேம்ஷாஃப்ட மட்டும் மாத்தாதீங்க, ரேஸ் கேம் போட்டா ஐடில்ல எக்ஸாஸ்ட் தண்ணிய பின்னாடி இழுத்து சிலிண்டருக்குள்ள கொண்டாந்துரும். ஸ்டாக் கேமே போதும்.

முதல் ஸ்டார்ட் பட்டறையிலயே. ட்ரைவ்ல ரப்பர் கப்பு மாட்டி தண்ணி விட்டு ஓட்டுங்க, அரை மணி நேரத்துக்கு தாங்குற அளவுக்கு ட்ரம்முல தண்ணி இருக்கணும், நம்ம ஏரியா போர் தண்ணி கடுசு, முடிஞ்சா லாரி தண்ணி வாங்கிருங்க. ஐடில்ல ஓடவிட்டு பெட்ரோல் ஒழுகல, தண்ணி ஒழுகல, பெல்ட் நேரா ஓடுதுன்னு பாருங்க. 1500-க்கு மேல ஏத்தாதீங்க, கரையில லோடு கிடையாது, பூஸ்ட்டும் வராது, வெறும் சத்தம்தான். "அண்ணே வைகை டேம்ல எறக்கி ஒரு ரவுண்டு பாத்துருவோமா"ன்னு பயலுக கேப்பாய்ங்க. வேணாம். மதுரைக்காரங்க குடிக்கிற தண்ணி அது, பாசனத்துக்கும் அதேதான், ட்யூனாகாத எஞ்சின் பெட்ரோலும் ஆயிலும் சிந்துறதுக்கு அது எடமில்ல. தூத்துக்குடிக்கு நாலுவழிச்சாலை இருக்கு, வெள்ளன கெளம்புனா வெயிலுக்கு முன்னாடி தண்ணியில இருக்கலாம்.

கடல்ல ரெண்டு பேரு வேணும், ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் கேஜ் மட்டும் பாத்து எழுத. லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் ரெண்டும் கைக்கெட்டுற எடத்துல. முதல் அரை மணி 3000 ஆர்பிஎம்முக்குள்ள. அப்பறம் 500, 500-ஆ ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் ஒரு நிமிஷம் நின்னு பூஸ்ட், பெட்ரோல் ப்ரஷர், தண்ணி சூடு, காத்து சூடு, லாம்ப்டா அஞ்சையும் எழுதுங்க. பூஸ்ட் ஏறி பெட்ரோல் ப்ரஷர் ஏறலன்னா உடனே கைய எடுங்க. முழு த்ராட்டில் முதல் தடவ பத்து செகண்டுதான், டக்குனு சாவிய அணைச்சு, ப்ளக்க கழட்டிப் பாருங்க, ஏழாம் நம்பர முதல்ல. வெள்ளை வெள்ளேர்னு இருந்தாலோ பீங்கான்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி கருப்பு புள்ளி இருந்தாலோ நாக்கிங் தொட்டுருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு வேலைய அதோட நிப்பாட்டிட்டு டைமிங்கயும் பெட்ரோலையும் சரி பண்ணுங்க.

எல்லாம் சரின்னா ப்ரொப்பெல்லர். சக்தி கூடுனதால பழைய ப்ரொப்பெல்லர்ல எஞ்சின் தன் வரம்பு தாண்டி சுத்தும். மேனுவல்ல முழு த்ராட்டில்லுக்கு ஒரு ஆர்பிஎம் வரம்பு குடுத்துருப்பாங்க, உங்களது அதுக்கு 300 மேல போனா பிட்ச் ரெண்டு இஞ்சு கூட உள்ளத மாட்டுங்க, ஒரு இஞ்சு பிட்ச்சுக்கு 150-ல இருந்து 200 ஆர்பிஎம் கொறையும். ஆனா வரம்போட கீழ்ப்பக்கத்துக்கும் இறங்கிறக்கூடாது, பெரிய ப்ரொப்பெல்லர போட்டு எஞ்சின அமுக்கி ஓட்டுறதுதான் பூஸ்ட் எஞ்சினுக்கு ரொம்பக் கெடுதி, கம்மி ஆர்பிஎம்ல முழு லோடு, நாக்கிங்குக்கு அத விட நல்ல எடம் கிடையாது. போட்டுல ஆளும் டேங்குல பெட்ரோலும் வழக்கமா எம்புட்டு ஏறுமோ அம்புட்டயும் ஏத்தி வச்சு பாருங்க, ரெண்டு பேர வச்சு பாத்துட்டு எட்டு பேர ஏத்துனா கணக்கு மாறிரும்.

கஸ்டமர்ட்ட ஒப்படைக்கிறப்ப ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க. முதல் 10 மணி நேரத்துல பெல்ட் டென்ஷன், பிராக்கெட் போல்ட்டு எல்லாம் ஒரு தடவ. ப்ளோயர் ஆயில் கம்பெனி சொன்ன மணிக்கு. பெட்ரோல் ஃபில்டர் 50 மணிக்கு ஒருக்கா, கழட்டுன பழசையும் எடுத்துட்டு வந்து காட்டச் சொல்லுங்க. ஒரு உபரி பெல்ட்டும் அத மாட்டுற ஸ்பேனரும் போட்டுலயே இருக்கட்டும். பெல்ட் அந்தாலும் எஞ்சின் ஓடும், பூஸ்ட் இல்லாம கரைக்கு வந்துரலாம், ஆனா சில போட்டுல தண்ணி பம்பும் அதே பெல்ட்டுல ஓடும், அப்பிடின்னா மாட்டாம நகரக்கூடாது. ஒவ்வொரு தடவ உப்புத்தண்ணில ஓட்டி வந்ததும் பத்து நிமிஷம் நல்ல தண்ணி விட்டு எஞ்சின கழுவணும். இண்டர்கூலருக்கு தனி லைன்கிறதால எஞ்சின கழுவுற தண்ணி அங்கிட்டு போகாது, அதுக்கு தனியா ஹோஸ் மாட்டி கழுவி, அடியில இருக்குற ட்ரெய்ன் ப்ளக்க தொறந்து முழுசா வடிய விட்டுட்டுத்தான் ஹேட்ச மூடணும்.